வடக்கு இளையோரும் பாலியல் நோய்களும்: எண்கள் சொல்லாதவை

வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது எமது பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் அந்தச் செய்தி வந்துவிடும். ஏதோ ஒரு மாவட்டத்தில் எச்.ஐ.வி தொற்றுக்குள்ளானோர் இத்தனை பேர் என்று ஓர் எண், பக்கத்தில் ஒரு சிவப்பு நாடாப் படம். அடுத்த நாள் அதை வைத்துக் கலாசாரச் சீரழிவு பற்றி யாராவது ஓர் அறிக்கை விடுவார்கள். ஒரு கிழமைக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த எண் யாரைப் பரிசோதித்ததால் வந்தது, யாரைப் பரிசோதிக்காததால் அதில் சேராமல் போனது என்று கேட்பவர்கள் குறைவு.

நான் சில வருடங்களாக வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இளைஞர் கழகங்களிலும் தொழிற்பயிற்சி வகுப்புகளிலும் சுகாதாரம் பற்றிப் பேசி வருகிறேன். டெங்கு பற்றியோ நீரிழிவு பற்றியோ பேசினால் கை உயர்த்திக் கேள்வி கேட்கும் அதே பிள்ளைகள், பாலியல் நோய்கள் என்றதும் குனிந்து நிலத்தைப் பார்ப்பார்கள். ஆகவே ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதி மடித்துப் பெட்டிக்குள் போடச் சொல்வது வழக்கம். பெட்டி நிறைந்துவிடும். அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன.

முதலில் எண்கள். இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987இல். அதன் பின்னர் பல வருடங்களுக்கு மெதுவாக நகர்ந்த எண்ணிக்கை, 2022இல் ஒரே வருடத்தில் 607 புதிய தொற்றாளர்கள், 2023இல் 697 என்று ஏறியது. இவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். மாகாணங்களில் மேல் மாகாணமே முன்னிலையில் நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் பரவாயில்லை என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. ஆனால் இந்த எண்கள் சொல்வது நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று இருக்கிறது என்பதை அல்ல, பரிசோதிக்க வந்தவர்களில் எத்தனை பேரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது என்பதை. கிளினிக்குக்குப் போகப் பயப்படும் ஒரு மாவட்டத்தின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

அதோடு, எச்.ஐ.வி இந்தக் குடும்பத்தில் ஓர் அங்கத்தவர் மட்டுமே. சிபிலிசு, கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் மருந்தால் முற்றாகக் குணமாக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்த நான்கினாலும் 37 கோடியே 40 இலட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டிருக்கின்றன. நாளொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல். பரிசோதனை வசதி அதிகமுள்ள அமெரிக்காவில் 2018இல் ஏற்பட்ட பாலியல் தொற்றுகள் சுமார் 2 கோடியே 60 இலட்சம் என்றும், அதில் ஏறத்தாழப் பாதி 15 முதல் 24 வயது வரையானவர்களுக்கு என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. இளையோர் ஒழுக்கம் கெட்டவர்கள் என்பதற்கான சான்றாக இதை வாசிப்பது தவறு. இளம் பெண்களின் கருப்பைக் கழுத்தின் கலங்கள் தொற்றை எளிதில் ஏற்கும் நிலையில் இருக்கின்றன. இந்த வயதில் உறவுகள் தொடங்கி முறிந்து மீண்டும் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் காசில்லாத, வீட்டுக்குச் சொல்லமுடியாத, தனியாக வைத்தியரிடம் போய்ப் பழக்கமில்லாத வயது அது.

பெட்டிக்குள் வரும் கேள்விகளில் மிக அதிகமானது ஒன்று: ஒரு புண் வந்தது, தானாகவே மாறிவிட்டது, சுகம்தானே? சிபிலிசைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கவேண்டும். தொற்று ஏற்பட்டுச் சராசரியாக மூன்று கிழமைகளில், சிலருக்கு மூன்று மாதம் வரை சென்று, கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். அது நோகாது. நோகாத புண்ணை யார் கவனிப்பார்கள்? பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணுக்கே தெரியாது. மூன்று முதல் ஆறு கிழமைக்குள் அது மருந்தில்லாமலே ஆறிவிடும். கிருமி அங்கிருந்து குருதிக்குள் போய்விட்டது என்பதே அதன் அர்த்தம். பின்னர் சிலருக்கு உடம்பில், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், சொறியாத தடிப்புகள் தோன்றும். அவையும் தானாக மறையும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. மூளை, இதயம், கண் என்று அது வெளிப்படும்போது ஆள் நடுத்தர வயதில் இருப்பார். இவ்வளவு நீண்ட கதைக்கு ஆரம்பக் கட்டத்தில் தேவைப்படும் வைத்தியம் ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசிதான். காலம் கடந்துவிட்டால் கிழமைக்கு ஒன்றாக மூன்று. எங்கள் பாட்டனார் காலத்தில் மேகம் என்றும் கிரந்தி என்றும் சொல்லிப் பரியாரியாரிடம் போய் பல நோய்களோடு சேர்த்து இதையும் குழப்பிக்கொண்டார்கள். அந்தக் குழப்பம் இன்னும் முற்றாகத் தீரவில்லை.

கொனோரியா ஆண்களுக்கு இரண்டு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் சலக்கடுப்பாகவும் சீழாகவும் தெரிந்துவிடும். தெரிந்தவுடன் பையன்கள் செய்வது பாமசிக்குப் போய், நண்பன் ஒருவன் சொன்ன குளிசையை வாங்குவது. இது மிகவும் ஆபத்தான பழக்கம். சிப்ரோபுளொக்சசின் போன்ற பழைய மருந்துகளுக்கு இந்தக் கிருமி உலகம் முழுவதும் பெருமளவில் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. அரைகுறையாகக் குளிசை போட்டால் சீழ் நிற்கலாம், கிருமி நிற்காது. அவனிடமிருந்து தொற்றிய பெண்ணுக்கோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.

கிளமிடியாவும் அப்படித்தான். பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாது. சத்தமில்லாமல் கருப்பைக்கும் பலோப்பியன் குழாய்களுக்கும் ஏறி, அங்கே தழும்பை உண்டாக்கி வழியை அடைத்துவிடும். கலியாணம் முடித்து நாலைந்து வருடமாகியும் பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாக ஏறி இறங்கும் பெண்களில் சிலருக்குக் காரணம், தமக்கே தெரியாமல் எப்போதோ தொற்றி, ஒரு சிறு மருந்துக் கோவையால் குணமாக்கியிருக்கக்கூடிய இந்தத் தொற்றுதான். இதைக் கண்டுபிடிக்கும் நவீன மூலக்கூற்றுப் பரிசோதனை, வசதி குறைந்த நாடுகளின் மாவட்ட வைத்தியசாலைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே எண்ணிக்கை அட்டவணைகளில் இது மிகக் குறைவாகவே தோன்றும்.

தடுப்பூசி உள்ள இரண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணமான எச்.பி.வி வைரசின் இரண்டு வகைகளுக்கு எதிரான ஊசி, 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்கும் பெற்றோரிடம் நான் சொல்வது, இது உங்கள் பிள்ளையைப் புற்றுநோயிலிருந்து காக்கும் ஊசி என்பதைத்தான். ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்ந்தது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று இருபதுகளின் நடுப்பகுதியிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள், குழந்தையாக இருக்கும்போது அதைப் பெற்றிருக்க வாய்ப்பில்லை. வளர்ந்த பின்னும் போட்டுக்கொள்ளலாம்.

இனி, என்னை அதிகம் உறுத்தும் விடயத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது. இதில் நாடு உண்மையிலேயே சாதித்திருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. குடும்பநல உத்தியோகத்தர்கள் மழையிலும் வெயிலிலும் வீடு வீடாகச் சென்று செய்த வேலையின் பலன் அது. சிகிச்சை பெறாத சிபிலிசு, பிள்ளை வயிற்றிலேயே இறப்பதற்கும், பிறந்தாலும் எலும்பும் கண்ணும் காதும் பழுதடைவதற்கும் காரணமாகும். நேரத்துக்குப் போடும் பென்சிலின் அதைத் தடுத்துவிடும்.

ஆனால் இந்த நல்ல ஏற்பாட்டுக்குள் ஒரு கோணல் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் முதலாவதாகப் பரிசோதிக்கப்படுபவர் மனைவி. கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்கும் கணவனிடம் யாரும் குருதி எடுப்பதில்லை. ஆகவே வீட்டில் தொற்று இருந்தால் அது அவளுடைய பெயரில்தான் வெளிவரும். வெளிவந்ததும், கொண்டுவந்தவள் அவள்தான் என்று மாமியார் வீடு முடிவுகட்டிவிடும். சீதனத்துக்காக விற்ற காணி, கட்டிய தாலி, வயிற்றிலிருக்கும் பிள்ளை எல்லாம் அந்த ஒரு துண்டுக் கடதாசியில் ஆடத் தொடங்கும்.

அந்தக் கடதாசி உண்மையில் சொல்வது மிகக் கொஞ்சம். தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை எந்தக் குருதிப் பரிசோதனையும் காட்டாது. எப்போது வந்தது என்பதையும் பெரும்பாலும் துல்லியமாகக் காட்டாது. கலியாணத்துக்கு முன் கணவனுக்குத் தொற்றிய சிபிலிசு, அவனுக்கு ஓர் அறிகுறியும் காட்டாமல் இருந்து அவளுக்குப் போயிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. முதலில் செய்யப்படும் வீ.டி.ஆர்.எல் பரிசோதனை சில வேளைகளில் கர்ப்பம், வேறு தொற்றுகள், மூட்டு மற்றும் தோல் சார்ந்த சில நோய்கள் காரணமாகவும் நோய் இருப்பதுபோல் காட்டும். அதனால்தான் இரண்டாவதாக வேறொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துகிறார்கள். அந்த இரண்டாவது முடிவு வருவதற்குள் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணை நான் அறிவேன். முடிவு வந்தபோது அவளுக்கு நோயே இருக்கவில்லை. அந்த வீட்டார் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் தெரியவில்லை.

கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெறாவிட்டால் குணமானவருக்கு மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றும். இது சாதாரணக் கணக்கு. ஆனால் குற்றவாளியைத் தேடும் வீட்டில் இந்தக் கணக்கைப் போட யாரும் இருப்பதில்லை. கர்ப்பிணிக் கிளினிக்குக்குக் கூடவரும் கணவனின் குருதியையும் வழக்கமாக எடுப்பதென்று வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். பல இடங்களில் வருகிறது. யுத்தத்தின் இறுதி வருடங்களில், கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றுவதற்காக வன்னியில் எத்தனையோ பெற்றோர் பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார்கள். பலவற்றுக்குப் பதிவும் இல்லை. தம் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லித்தராமல் தாயானவர்கள் அந்தப் பெண்கள். சிலருடைய துணை முள்ளிவாய்க்காலோடு போனது, சிலருடையது முகாமிலிருந்து பிரித்துக்கொண்டு போகப்பட்டு வரவேயில்லை. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று பதினேழு, பதினெட்டு வயதைத் தொட்டுவிட்டார்கள். என் துண்டுத் தாள்களில் எழுதுபவர்கள் அவர்கள். தாய்க்குத் தெரியாததைத் தாயிடம் எப்படிக் கேட்பது?

பாடசாலையிலும் வழியில்லை. சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இனப்பெருக்க ஆரோக்கியம் பற்றிய அலகு இருக்கிறது. அதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போகும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வாசிப்பது கைத்தொலைபேசியில், வாசிப்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகம்.

இரண்டாவது விடயம், பதிவு. மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டிருந்த இலட்சக்கணக்கானோரில் ஒருவராக இருந்தவருக்கு, மீள்குடியேறிய பின்னரும் படையினர் வீட்டுக்கு வந்து குடும்பத்தை வரிசையில் நிறுத்திப் படமெடுத்ததை மறக்காதவருக்கு, அரசாங்கக் கட்டடமொன்றில் போய்ப் பெயரும் விலாசமும் கொடுத்து, அதுவும் இந்த நோய்க்காகக் கொடுத்து, குருதியும் கொடுப்பதென்றால் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தை அறியாமை என்று சுகாதாரத் துறையினர் சிலர் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. அது அனுபவத்தால் வந்தது. அதனால்தான் கிளினிக் எப்படி நடக்கிறது என்பதைக் கீழே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தடுப்புக்காவலில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டவர்களையும் இங்கே நினைக்கவேண்டும். பெண்களுக்கு மட்டுமல்லாமல் ஆண்களுக்கும் அது நடந்ததை ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகத்தின் 2015 செப்டெம்பர் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அவர்களில் பலர் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாசிப்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு: இத்தனை வருடங்களுக்குப் பின்னரும் பரிசோதனை பயனுள்ளதே. சிபிலிசு, ஹெப்பற்றைற்றிஸ் பி, எச்.ஐ.வி மூன்றும் பத்து வருடங்களுக்கு மேலாகக்கூட மறைந்திருக்கக்கூடியவை, மூன்றையும் குருதியிலேயே பார்த்துவிடலாம். என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவேண்டியதில்லை. உடலைத் தொட்டுப் பரிசோதிப்பது வேண்டாம், குருதி மட்டும் எடுங்கள் என்று கேட்கலாம்.

ஒருபாலீர்ப்புள்ள இளைஞர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. 1883ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அவர்களுடைய உறவைக் குற்றமாக்குகின்றன. நாட்டில் புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி தொற்றுகளில் பெரும்பங்கு ஆண்களுக்கிடையிலான உறவின் மூலம் ஏற்பட்டவை. சட்டத்துக்கும் ஊருக்கும் பயந்து ஒளிந்திருப்பவரைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டுக்கொண்டு, மறுபுறம் அவரைக் குற்றவாளி என்பது என்ன நியாயம்? ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றும் பழக்கமும் வடக்குக்கு வந்துவிட்டது. ஒரே ஊசியை இருவர் பாவித்தால் எச்.ஐ.வியும் ஹெப்பற்றைற்றிஸும் பாலுறவு இல்லாமலே கடந்துபோகும்.

கிளினிக்குக்கு வருவோம். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு உட்பட மாவட்டங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒரு பதிவிலக்கம் தருவார்கள், அதன் பின்னர் அந்த இலக்கமே உங்கள் அடையாளம். சொந்த ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். திருமணமானவரா என்பது சிகிச்சைக்கு நிபந்தனை அல்ல. இவ்வளவு ஏற்பாடு இருந்தும், வரிசையில் சத்தமாகப் பெயர் கூப்பிடும் ஓர் ஊழியர், அல்லது இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் ஒருவர் போதும், அந்த ஊரிலிருந்து அதற்குப் பிறகு யாரும் வராமல் செய்வதற்கு. அப்படி நடந்தால் வைத்தியப் பொறுப்பதிகாரியிடம் முறையிடுங்கள். திரும்பிப் போய்விடாதீர்கள்.

பரிசோதனைக்கு ஒரு காலக் கணக்கு இருக்கிறது. நேற்று நடந்ததற்கு இன்று குருதி கொடுத்தால் ஒன்றும் தெரியாது. எச்.ஐ.வியைப் பொறுத்தவரை இப்போதைய பரிசோதனைகள் பெரும்பாலான தொற்றுகளை ஆறு, ஏழு கிழமைகளில் காட்டிவிடும். மூன்று மாதத்தில் மறுபடி செய்து உறுதிப்படுத்துவது வழக்கம். தொற்று இருப்பது தெரிந்தால் மருந்து அன்றாடம் ஒரு குளிசை போலத்தான், அதுவும் இலவசம். ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் வைரஸ் அளவிடமுடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்தவரிடமிருந்து பாலுறவு மூலம் எச்.ஐ.வி மற்றவருக்குத் தொற்றாது. அவர் கலியாணம் செய்யலாம், சிகிச்சையின் துணையோடு தொற்றில்லாத பிள்ளையும் பெறலாம். இதைச் சொல்லும்போது கூட்டத்தில் எப்போதும் ஒரு சலசலப்பு எழும். எயிட்ஸ் என்றால் சாவு என்று சுவரொட்டிகளில் மண்டையோடு வரைந்து நாங்கள் வளர்த்த தலைமுறை அல்லவா.

வன்புணர்வு நடந்திருந்தாலோ, ஆணுறை கிழிந்திருந்தாலோ 72 மணித்தியாலங்களுக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது, வைத்தியசாலைக்குப் போகவேண்டும். எச்.ஐ.வியைத் தடுக்கும் 28 நாள் மருந்து உண்டு. இரவென்றால் விடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசரக் குளிசையையும் அங்கேயே கேளுங்கள்.

ஆணுறை பற்றிய தாள்களும் பெட்டியில் நிறைய வரும். பொலிஸ் பிடித்தால் பிரச்சினையா என்பது அதில் ஒன்று. ஆணுறை வாங்குவதோ வைத்திருப்பதோ இலங்கையில் குற்றமல்ல. பணப்பையில் மாதக்கணக்கில் வைத்து அதன்மேல் இருந்தால் வெப்பத்திலும் உராய்விலும் பழுதாகிவிடும். தேங்காய் எண்ணெய் பட்டால் கிழியும். உறையில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள். பாமசியில் கேட்க வெட்கமாக இருந்தால், பாலியல் நோய்க் கிளினிக்கில் கேட்காமலே தருவார்கள்.